எடைக்கு எடை சீனி

என் எடை எவ்வளவு என்பதை இந்தக் கதையில் எங்கும் சொல்லப் போவதில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் படிக்கிறீர்கள் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். என் தம்பி ஆதவனின் எடையைச் சொல்வேன். அதை மறைத்துப் பயனில்லை. கோவில் மண்டபத்தில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சேர்ந்து அதை வாய்விட்டு எண்ணியாகிவிட்டது.

தம்பி என்றால் நாலு நிமிடம் சின்னவன். நாங்கள் இரட்டையர். ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்தவர்கள். மருத்துவமனையில் ஆளுக்கொரு கண்ணாடிப் பெட்டியில் இரண்டு மாதத்துக்கு மேல் கிடந்தோம். மூக்கில் குழாய், பாதத்தில் ஊசி. இந்தக் கதையை அம்மா சொல்லாத கல்யாண வீடு சிங்கப்பூரில் கிடையாது. உள்ளங்கையை நீட்டி, இவ்வளவுதான் இருந்தார்கள் இரண்டு பேரும் என்பார். கேட்பவர்கள் அந்தக் கையைப் பார்ப்பார்கள். பிறகு எங்களைப் பார்ப்பார்கள். பிறகு தண்ணீர் குடிப்பதுபோல் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவார்கள்.

தினமும் காலையில் தாதி எங்களை எடுத்து எடை பார்ப்பாராம். அம்மா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அந்த எண்ணுக்காகக் காத்திருப்பாராம். பத்து கிராம் கூடினால் அப்பாவுக்குப் போன். பத்து கிராம் குறைந்தால் அன்றைக்கு அம்மாவுக்குச் சோறு இறங்காது. மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் நான் மூச்சு விடுவதை மறந்துவிட்டேன். குறைமாதக் குழந்தைகள் அப்படிச் செய்வதுண்டாம். டாக்டர்கள் ஓடி வந்து, அம்மாவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். அந்த நடைவழியில் நின்றுதான் அம்மா பெருமாளிடம் வேண்டிக்கொண்டார். இரண்டு பிள்ளைகளும் பிழைத்து வீட்டுக்கு வந்தால் எடைக்கு எடை சீனி கொடுக்கிறேன் என்று.

இதற்குத் துலாபாரம் என்று பெயர். கோவிலில் சங்கிலி கட்டிய பெரிய தராசு இருக்கும். ஒரு தட்டில் பிள்ளை உட்கார வேண்டும். மறு தட்டில் நேர்ந்த பொருளை வைத்துக்கொண்டே வருவார்கள். இரண்டு தட்டும் சமமாக நின்றால் வேண்டுதல் தீர்ந்தது. பொதுவாக ஒரு வயதிலோ இரண்டு வயதிலோ முடித்துவிடுவார்கள். பிள்ளை அழும், பாட்டிமார் கிலுகிலுப்பை ஆட்டுவார்கள், படம் எடுப்பார்கள், முடிந்தது.

எங்களுக்கு அது தள்ளிப்போனது. பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்றார் அம்மா. பிறகு அப்பாவின் அப்பா இறந்தார், அந்த ஆண்டு செய்யக்கூடாது என்றார்கள். பிறகு கோவிட் வந்து கோவிலே மூடியது. காரணங்கள் இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வந்தன என்றாலும், உண்மைக் காரணம் முதலில் சொன்னதுதான். அம்மாவின் கண்ணுக்கு நாங்கள் தேறவே இல்லை.

எங்கள் வீட்டில் 'போதும்' என்ற சொல்லுக்கு 'இன்னும் ஒரு கரண்டி' என்று பொருள். நான் நாளுக்கு மூன்று வேளையும் போதும் என்று சொல்லிச் சொல்லி, அதற்குத் தண்டனையாக மூன்று கரண்டி அதிகம் சாப்பிட்டவள். ஆதவன் புத்திசாலி. அவன் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியதே இல்லை. தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவான். அம்மா எங்களை அடித்ததில்லை, திட்டியதில்லை. பக்கத்தில் நின்று, வாய் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். ஊட்டி வளர்த்த பிள்ளை குண்டாக இருந்தால் ஊரே அம்மாவைக் குறை சொல்லும். ஆனால் அந்தப் பார்வைக்கு முன்னால் வேண்டாம் என்று சொல்ல யாராலாவது முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

தொடக்கநிலை ஒன்றில் சேரும்போதே நாங்கள் இருவரும் குண்டு. அப்போது அதற்குச் செல்லப் பெயர்கள் இருந்தன. கன்னத்தைக் கிள்ளுவார்கள். பள்ளிக்கூடம் போய் ஓடியாடினால் கரைந்துவிடும் என்றார்கள். கரையவில்லை. வயதுக்கு வந்து உயரம் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். உயரம் போட்டது, சரியாகவில்லை. இப்போது உயர்நிலை மூன்று. சரியாகிவிடும் என்று சொன்னவர்கள் யாரும் இப்போது அதைச் சொல்வதில்லை. ஆதவனைப் பார்த்தால், "ஆர்மிக்குப் போனா இறக்கிருவாங்க" என்கிறார்கள். சிங்கப்பூரில் பையன்கள் எல்லாரும் பதினெட்டு வயதில் கட்டாயம் படைக்குப் போக வேண்டும். அவனுக்காவது ஒரு ஆர்மி இருக்கிறது. என்னைப் பார்த்தால், "முகம் நல்லா லட்சணமா இருக்கு" என்கிறார்கள். கழுத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை நானே புரிந்துகொள்ள வேண்டும். தேக்கா கடைத்தெருவில் எனக்குத் தாவணி ரவிக்கை தைக்கும் அக்கா மட்டும் எதுவும் சொல்ல மாட்டார். அளவு நாடாவை வாய்க்குள்ளேயே படித்துக்கொண்டு, தையலுக்குள் இரண்டு விரல் துணி விட்டுத் தைப்பார். அடுத்த தீபாவளிக்குள் நான் இன்னும் பருப்பேன் என்று அவருக்குத் தெரியும்.

பள்ளியில் எடை பார்ப்பது இப்போதெல்லாம் மறைப்புக்குப் பின்னால்தான். தாதி எண்ணை வாய்விட்டுச் சொல்வதில்லை. நமக்கு மட்டும் காட்டுவார். அப்படித்தான் என் எண் எனக்குத் தெரியும், அந்தத் தாதிக்குத் தெரியும், பாலிகிளினிக் கணினிக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. காட்டினாலும் நம்ப மாட்டார். பள்ளித் தராசு கெட்டுப்போயிருக்கும் என்பார். பாலிகிளினிக் தராசும் கெட்டுப்போயிருக்கும். எங்கள் வீட்டுக் குளியலறைத் தராசு ஒரு நாள் நிஜமாகவே காணாமல் போனது. அம்மாவுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாதாம்.

பாலிகிளினிக்கில் உணவு ஆலோசகர் ஒருவர் எங்களுக்கு ஒரு தட்டின் படத்தைக் காட்டினார். பாதி காய்கறி, கால்பங்கு சோறு, கால்பங்கு மீன் அல்லது கோழி. அம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டு வந்து அத்தனையையும் நிறைவேற்றினார். ஓட்ஸ் நல்லது என்றார்கள். காலையில் தோசைக்கு முன்னால் ஓட்ஸ் வந்தது. தோசை போகவில்லை. காய்கறி கூட்டச் சொன்னார்கள். கூட்டு வந்தது, பொரியலும் இருந்தது. நடக்கச் சொன்னார்கள், ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குப் பின்னாலுள்ள பூங்காவுக்கு நடக்கப் போனோம். மயக்கம் வந்துவிடக்கூடாது என்று அம்மா கறிபஃப் கட்டிக்கொடுத்தார்.

இதெல்லாம் சிரிக்கும்படியாகத்தான் இருந்தது, போன மார்ச் மாதம் வரை. மார்ச்சில் ஆதவனுக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அவன் பின்கழுத்தில் ஒரு கருமை உண்டு. அழுக்கு என்று நினைத்து அம்மா கடலைமாவும் எலுமிச்சையும் போட்டு ஆண்டுக்கணக்கில் தேய்த்திருக்கிறார். அது அழுக்கில்லை, உடம்புக்குள் சர்க்கரையைச் சமாளிக்க முடியாததன் அடையாளம் என்றார் டாக்டர். ரத்தத்தில் சர்க்கரை எல்லைக் கோட்டில் நிற்கிறது, இப்போதே பார்த்துக்கொண்டால் திரும்பிவிடலாம், விட்டால் நீரிழிவு என்று விளக்கமாகச் சொன்னார். மாலைப் பணிக்குப் போக வேண்டிய அப்பா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அவர் முகம் விழுந்துவிட்டது. அம்மா மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பேருந்தில் திரும்பி வரும்போதுதான், அவர் வேறு ஏதோ கணக்குப் போட்டிருக்கிறார் என்று தெரிந்தது.

"கொடுக்க வேண்டிய சீனியை நான் கொடுக்கல. அதான் புள்ள ரத்தத்துல ஏறி நிக்குது" என்றார்.

அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நான் ஆதவனைப் பார்த்தேன். ஒரு டாக்டர் படம் வரைந்து விளக்கியதை அம்மா இப்படிப் புரிந்துகொண்டு வந்திருக்கிறாரே என்று எனக்குக் கோபம் பொங்கியது. ஆனால் அவர் ஆதவனின் பின்கழுத்தை மெல்லத் தடவிக்கொண்டிருந்தார். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

நாள் குறித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிராங்கூன் சாலைப் பக்கம் நாங்கள் வழக்கமாகப் போகும் கோவில், இரண்டு பேருக்கும் சேர்த்துத் துலாபாரம், பிறகு எல்லாருக்கும் மதியச் சாப்பாடு. சொந்தம் பந்தம் அத்தனை பேருக்கும் வாட்ஸாப்பில் அழைப்பு போனது. நான் முடியாது என்றேன். அம்மா கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் கோபப்படவில்லை.

"அன்னைக்கு நீ மூச்சு இல்லாம கெடந்தே. நான் வாய் விட்டுக் கேட்டேன், அவரு கொடுத்துட்டாரு. நான்தான் இன்னும் கொடுக்கல" என்றார். "உனக்கும் ஏதாச்சும் வந்துச்சுன்னா நான் என்னம்மா செய்வேன்?"

நான் ஆதவனிடம் போய்ப் புலம்பினேன். அந்தத் தராசில் முள் கிடையாது, எண் கிடையாது, உண்மைதான். ஆனால் சீனி ஒரு கிலோ பாக்கெட்டில் வருகிறது. ஒவ்வொரு பாக்கெட்டையும் ஒருவர் வைப்பார், அம்மாவின் அண்ணன், உட்லண்ட்ஸ் மாமா எண்ணுவார். அந்த வேலாயுத மாமா கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர். அவர் சாதாரணமாகப் பேசினாலே அடுத்த புளோக்கில் கேட்கும்.

"கூல் லா" என்றான் ஆதவன். "அஞ்சு நிமிஷம். கைய ஆட்டிட்டு இறங்கிருவேன்."

அவன் எப்போதும் அப்படித்தான். வகுப்பில் யாராவது அவனைக் கிண்டல் செய்வதற்கு முன்னால் அவனே அந்த ஜோக்கைச் சொல்லிவிடுவான். லிஃப்டுக்குள் நுழையும்போது, "எல்லாரும் இறங்குங்க, நான் ஏறுறேன்" என்பான். அதனால் அவனுக்கு நிறைய நண்பர்கள். எனக்கு அது வராது. யாராவது சிரித்தால் நான் முறைப்பேன். அதனால் எனக்கு உம்மு சல்மா மட்டும்தான் தோழி. போதும் என்றுதான் நினைக்கிறேன்.

தப்பிக்க ஒரு வழி வைத்திருந்தேன். அன்று காலை எழுந்ததும், எனக்குப் பீரியட்ஸ் என்று சொல்லிவிட்டால் போதும். கோவில் வாசல்படியைக்கூட மிதிக்க விட மாட்டார்கள். எனக்கு அது ஒழுங்காக வருவதில்லை. எடைதான் காரணம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என்றைக்கு வந்தது என்று சொன்னாலும் அம்மா நம்புவார். ஞாயிறு காலையில் பாவாடை தாவணியோடு அந்தப் பொய்யை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா விடியும் முன்பே குளித்து, புதுப் புடவை கட்டி, எங்கள் இரண்டு பேருக்கும் சின்ன வயதில் போட்ட வெள்ளி அரைஞாணைப் பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு மகிழ்ச்சியாக அவரை நான் பார்த்ததில்லை. சொல்ல வரவில்லை. எம்ஆர்டி ரயிலில் ஏறிவிட்டேன்.

மண்டபத்தில் சீனிப் பாக்கெட்டுகளை இரண்டு குவியலாக அடுக்கியிருந்தார்கள். எத்தனை வேண்டும் என்று மாமா கேட்டபோது அம்மாதான் சொல்லியிருக்கிறார். ஆதவனுக்கு எண்பது, எனக்கு அறுபது, கையில் ஒரு பத்து கூட இருக்கட்டும். அந்தக் குவியலை நான் இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். அம்மா நிஜமாகவே எங்களை இவ்வளவு லேசாகத்தான் பார்க்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. தராசு கெட்டுப்போச்சு என்று அவர் சொன்னதெல்லாம் சமாளிப்பு இல்லை. அவர் நம்பித்தான் சொல்லியிருக்கிறார்.

ஆதவன் முதலில். மஞ்சள் வேட்டியோடு தட்டில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தட்டு தரையில் போய் இடித்தது. பட்டர் மந்திரம் சொல்லி முடித்ததும் முதல் பாக்கெட்டை அம்மா வைத்தார், இரண்டாவதை அப்பா. பிறகு ஒவ்வொருவராக வந்து வைத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்கள். மாமா எண்ணினார். எண்ணுக்கு எண் எல்லாரும் கோவிந்தா போட்டார்கள். ஐம்பது வரைக்கும் பக்தியாகத்தான் இருந்தது. அறுபதுக்கு மேல் பிள்ளைகள் பாக்கெட் வைக்க முட்டி மோதினார்கள். எழுபதுக்கு மேல் கோவிந்தாவுக்கு நடுவே சிரிப்பு கலந்தது. அத்தை ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

எண்பதாவது பாக்கெட்டோடு அவன் குவியல் தீர்ந்தது. தட்டு அசையவே இல்லை.

மாமா ஒரு நொடி குழம்பினார். பிறகு, அக்கா பங்கிலிருந்து எடுங்கள் என்று உரக்கச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். என் குவியலிலிருந்து பாக்கெட்டுகள் போகத் தொடங்கின. அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. அவர்கள் எங்களைத் தூக்கி வளர்த்தவர்கள். அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. கெட்ட எண்ணம் இருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம்.

தொண்ணூறைத் தாண்டியபோது அம்மாவின் கண்ணில் நீர் வழிந்தது. மகிழ்ச்சியில். அந்த மண்டபத்தில் அம்மாவுக்கு மட்டும் ஒவ்வொரு பாக்கெட்டும் கோவிந்தாவாகவே கேட்டது. நூறாவது பாக்கெட் விழுந்ததும் மாமா, "செஞ்சுரி" என்று கத்தினார். பையன்கள் கைதட்டினார்கள். ஆதவன் எதிர்பார்த்தபடியே செய்தான். கையில் இல்லாத மட்டையைத் தூக்கி நாலு பக்கமும் காட்டினான். மண்டபமே சிரித்தது. ஆனால் நான் பக்கவாட்டில் நின்றிருந்தேன். அவனுடைய இன்னொரு கை தட்டின் சங்கிலியைப் பிடித்திருந்தது. விரல் முட்டியெல்லாம் வெளுத்துப்போயிருந்தது.

நூற்றெட்டில் தட்டு மேலே வந்தது. நூற்றெட்டு தெய்வக் கணக்கு, பெருமாளே எண்ணி வாங்கிக்கொண்டார் என்று யாரோ சொன்னார்கள். ஆதவன் இறங்கினான். எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டான். பிறகு எங்கள் பக்கம் வராமல், கால் கழுவும் குழாய்ப் பக்கம் நடந்து போனான். அம்மா தீர்த்தமும் துளசியும் வாங்கிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக அவன் பின்னால் போனார்.

போனவர் திரும்பி வந்தபோது தீர்த்தம் அப்படியே கையில் இருந்தது. முகத்தில் சிரிப்பு இல்லை.

அதைப் பார்க்க மாமாவுக்கு நேரமில்லை. என் குவியலில் நாற்பத்திரண்டு பாக்கெட்தான் மிச்சம் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மண்டபத்தில் இருந்த எல்லாரும் அதைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். அத்தனை பேர் கண்ணும் சேர்ந்து என்னை மேலிருந்து கீழ்வரை எடை போட்டது. பள்ளியில் மறைப்புக்குப் பின்னால் இருந்த அந்த எண்ணை ஒவ்வொருவரும் மனசுக்குள் போட்டுப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது.

"தர்ஷி, உனக்கு எவ்வளவும்மா ஆகும்?" என்று மாமா கேட்டார். "ரஞ்சன் கடைக்கு ஓடணும். கரெக்டா சொல்லிடு, மறுபடியும் குறையக் கூடாது."

ரஞ்சன் மாமாவின் பெரிய மகன். கையில் சாவியோடு, என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பீரியட்ஸ் பொய் அப்போதும் நாக்கு நுனியில்தான் இருந்தது. சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு ஒரே ஆத்திரமாக வந்தது. சொன்னால் தீட்டு என்று ஒதுக்கிவிட்டு, அடுத்த மாதம் இதே மண்டபத்தில், இதே போல மறுபடியும் கூப்பிடுவார்கள்.

"நான் உட்கார மாட்டேன்" என்றேன்.

சாமி காரியத்தில் அப்படிச் சொல்லக்கூடாது என்று மாமா தொடங்கினார். அம்மா அவரைத் தாண்டி வந்து என் கையைப் பிடித்து, மடைப்பள்ளிக்குப் போகும் வழியில் இருந்த தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். அடி விழுமோ என்றுகூட நினைத்தேன்.

"அவன் அங்க அழுறான்டி" என்றார் அம்மா. "குழாயத் தொறந்து விட்டுட்டு அழுறான். எனக்குக் கேக்கக் கூடாதுன்னு."

அம்மா என் முகத்தை நிமிர்த்திப் பார்த்தார்.

"உனக்கும் அப்படித்தான் இருக்கா?"

"தினமும் இருக்கும்மா" என்றேன்.

அம்மா அப்போது நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார். என் எடை எவ்வளவு என்று கேட்டார். பிறந்த பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தாதி சொல்வதை மட்டும் கேட்டுப் பழகியவர், என்னிடம் முதல் முறையாகக் கேட்டார். நான் அவர் காதில் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். தராசு தப்பு என்று சொல்வாரோ என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

"நீ மூச்சு விடாம கெடந்த அன்னைக்குக் காலையில ஆயிரத்து நூத்தி எண்பது கிராம்" என்றார். "முந்தின நாளைவிட அஞ்சு கிராம் கம்மி. அந்த அஞ்சு கிராமாலதான் உனக்கு அப்படி ஆச்சுன்னு நான் நெனைச்சேன். இன்னும் அப்படித்தான் நெனைக்கிறேன்."

அவ்வளவுதான் சொன்னார். என் கையை விட்டுவிட்டுப் பட்டரிடம் போனார். வேண்டிக்கொண்ட நாளில் இருந்த எடைக்குக் கொடுத்தால் சாமி ஏற்றுக்கொள்வாரா என்று கேட்டார். அடுத்த பூஜைக்கு நேரமாகிக்கொண்டிருந்த பட்டர், வேண்டிக்கொண்டது நீங்கள், எந்த எடை என்று உங்கள் மனசுக்குத்தான் தெரியும் என்றார். அம்மா சந்நிதிக்கு முன்னால் போய் நின்றார். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அவர் பயந்துகொண்டிருந்தார். அது முதுகிலேயே தெரிந்தது. இத்தனை ஆண்டாகக் கொடுக்கப்போவதை நினைத்து நினைத்துச் சேர்த்து வைத்த ஒன்றை, எனக்காகக் குறைத்துக் கொடுக்கப் போகிறார். அதற்குப் பிறகு எனக்கு ஏதாவது ஆனால் அவர் தன்னை மன்னிக்க மாட்டார் என்பதும் எனக்குத் தெரிந்தது.

பிறகு அம்மா வந்து என் குவியலிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தார். மடைப்பள்ளியில் பருப்பு நிறுக்கும் சின்னத் தராசை வாங்கி, பாக்கெட்டை வைத்து, இன்னொரு பாக்கெட்டைப் பிரித்துக் கையால் அள்ளி அள்ளிப் போட்டார். கடைசியில் விரல் நுனியால் தூவினார். மாமா பின்னாலேயே வந்து நின்றார். இது என்ன புதுப் பழக்கம், பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்றார். பழக்கத்தில் அவர் வாய் தானாக எண்ணவும் தொடங்கியது.

"எண்ணாதீங்கண்ணே" என்றார் அம்மா. மாமாவை அம்மா எதிர்த்துப் பேசி நாங்கள் பார்த்ததில்லை. மாமாவும் பார்த்ததில்லை போலிருக்கிறது. வாயை மூடிக்கொண்டார்.

அந்தச் சீனியை ஒரு வெள்ளைத் துணியில் முடிந்து என் கையில் கொடுத்தார்கள், சந்நிதியில் வைக்கச் சொல்லி. ஒரு பாக்கெட்டும் ஒரு கைப்பிடியும். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மண்டபத்தைக் கடந்து நடந்தேன். இவ்வளவுதான் இருந்திருக்கிறேன். கையில் ஏதோ இருக்கிறது என்பதே தெரியாத அளவுக்கு லேசாக இருந்தது. யாராவது தட்டிவிட்டால் விழுந்துவிடும் என்று நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். எத்தனையோ ஆண்டாக அம்மா மேல் எனக்கு இருந்த கோபம் அந்த நடையில் இறங்கியது. முழுவதும் இல்லை, பாதிதான்.

மிச்சம் இருந்த நாற்பது பாக்கெட்டையும் அம்மா எடை போடாமல் மடைப்பள்ளிக்கே கொடுத்துவிட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். அவருக்கும் பெருமாளுக்கும் நடுவே நான் தலையிடவில்லை.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். வேண்டுதல் வீட்டார்தான் பரிமாற வேண்டும் என்பதால் அப்பா சாம்பார் வாளியைத் தூக்கினார், அம்மா கேசரி வாளியை. ஆதவன் கொஞ்சம் தாமதமாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். கண் சிவந்திருந்தது. எதிர் வரிசையில் ரஞ்சன் "செஞ்சுரி" என்று அவனைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினான். ஆதவன் பதிலுக்கு எதையும் தூக்கவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா வரிசையில் வந்தார். ஆதவன் இலையில் ஒரு கரண்டி கேசரி விழுந்தது. அடுத்த கரண்டி வாளியிலிருந்து எழும்பியது.

"போதும்மா" என்றான் ஆதவன்.

மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் பதினைந்து ஆண்டில் அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை, அம்மாவும் கேட்டதில்லை. கரண்டி இலைக்கு மேலே அப்படியே நின்றது. நெய் ஒரு சொட்டு அவன் இலையில் விழுந்தது. அம்மா அவன் முகத்தைப் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு கரண்டி வாளிக்குள் திரும்பிப் போனது.

அவன் சாப்பிட்டு முடித்தான். கொஞ்சம் சோற்றை மிச்சம் வைத்து, இலையை மடித்துவிட்டு எழுந்தான். அம்மா அடுத்த இலைக்கு நகராமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அவன் கை கழுவப் போனபோது, கரண்டியும் வாளியுமாக அவன் பின்னாலேயே இரண்டு எட்டு நடந்தார். பிறகு நின்றுவிட்டார்.